ஒரு சொம்பு மணலில் நூறு கோடி!

ஒரு லிட்டர் பிடிக்கிற சொம்பு. அதில் பொடி மணல், ஒவ்வொரு மணியும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன். உள்ளே எத்தனை மணிகள் தெரியுமா? நூறு கோடிக்கும் மேல்! கிட்டத்தட்ட இந்தியாவே சொம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது!

இப்போது அடியிலிருந்து காற்றை ஊதுகிறோம். மணல் எழும்புகிறது, முட்டுகிறது, புரள்கிறது, விழுகிறது. இதை அப்படியே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க ஆசை. இரண்டு மணிகள் மோதி விலகும் நேரம் கண் இமைக்கும் நேரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு சின்னது. அதைத் தவறவிடாமல் பிடிக்க, மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு மணியும் எங்கே இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். ஒரு விநாடி ஆட்டத்துக்குப் பத்து லட்சம் தடவை. அதை நூறு கோடியால் பெருக்குங்கள். பத்து கோடி கோடி! ஒரே சொம்புக்கு! ஒரே விநாடிக்கு!

ஆனாலும் மாடி மாடியாக உயர்ந்து நிற்கும் கொதிகலனுக்குள் சுழலும் நிலக்கரித் தூளையும், வானத்தில் பரவும் எரிமலைச் சாம்பலையும், ஆஸ்துமா இன்ஹேலரிலிருந்து நுரையீரலுக்குப் பாயும் மருந்துத் துளியையும் பொறியாளர்கள் கணக்கிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எப்படி? எதை எண்ணாமல் விடலாம் என்று அவர்களுக்குத் தெரியும்! சாஃப்ட்வேரைத் திறக்கும் முன்பே, ஒரு துண்டுக் காகிதத்தில் போடும் இரண்டு மூன்று கணக்குகள் அதைச் சொல்லிவிடும். அந்தக் காகிதத்தில்தான் எத்தனை அதிசயங்கள்!

களத்துமேட்டில் நெல் தூற்றுகிறவர் அந்த முதல் கணக்கைத்தான் போடுகிறார், தெரியுமா? முறத்திலிருந்து சரிகிறது நெல். மணி நேராகக் காலடியில் விழுகிறது, பதர் காற்றோடு போய்விடுகிறது. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ‘சுதாரிக்கும் நேரம்’ உண்டு. காற்று திசை மாறினால், அதற்கேற்ப தானும் மாற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது அது. காற்று மாற எடுத்துக்கொள்ளும் நேரத்தால் அதை வகுத்தால் வருவது ஸ்டோக்ஸ் எண். ஒன்றைவிட மிகக் குறைவு என்றால் துகள் காற்றின் அடிமை. மிக அதிகம் என்றால் காற்றை மதிக்காத முரடு. பருமன் இரண்டு மடங்கானால் சுதாரிக்கும் நேரம் நான்கு மடங்கு! காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றவர்கள் வகுத்தல் கணக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

இதனால் என்ன லாபம்? எண் மிகச் சிறியது என்று தெரிந்தால் துகளுக்கென்று தனியாக ஒரு சமன்பாடுகூட வேண்டாம். நீரில் கரைத்த சாயம்போல, ஊதுபத்திப் புகைபோல அதை நடத்திவிடலாம். முக்கால்வாசி வேலை மிச்சம்!

அந்த எண்ணுக்குப் பெயர் தந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், பாய்மத்தில் (திரவமோ வாயுவோ) நகரும் சிறு உருண்டையின் மீதான இழுவையை 1851-ல் எதற்காகக் கணக்கிட்டார் தெரியுமா? மணலுக்காக அல்ல, தூசிக்காகவும் அல்ல, ஊசலுக்காக! ஆடும் ஊசலைச் சுற்றியிருக்கும் காற்று எப்படிப் பிடித்திழுக்கிறது என்று ஆராயப் போனவர், மேகம் ஏன் தலையில் விழுவதில்லை என்பதற்கும் அதே கட்டுரையில் விடை வைத்துவிட்டார். பத்து மைக்ரான் நீர்த்துளி அசைவற்ற காற்றில் விநாடிக்கு மூன்றே மில்லிமீட்டர்தான் இறங்கும். ஒரு மைக்ரான் துளியோ ஒரு மீட்டர் இறங்க ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். காலையில் கிளம்பினால் மாலையில்தான் தரைக்கு வரும்!

சரி, ஸ்டோக்ஸ் எண் ஒன்றை ஒட்டி வந்தால்? அங்கேதான் கூத்து! கொந்தளிக்கும் காற்றில் சுழிகள் நிறைய. மிகப் பொடித் துகள் சுழியோடு சுற்றும், பெருந்துகள் சுழியைக் கிழித்துக்கொண்டு போகும். நடுத்தரத் துகளோ ராட்டினத்திலிருந்து எறியப்பட்டதுபோல சுழியின் மையத்தைவிட்டு வெளியே வந்து, சுழிகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் கூட்டம் போடும். கலக்கினால் சமமாகப் பரவும் என்றுதானே நாம் நினைக்கிறோம்? இங்கே கலக்கக் கலக்கக் கொத்துக் கொத்தாகச் சேருகிறது! அசைவற்ற காற்றில் விழுவதைவிட, கொந்தளிக்கும் காற்றில் இவை வேகமாகக்கூட விழும் என்று மார்ட்டின் மாக்ஸி 1987-ல் காட்டினார். ‘சராசரியாக இத்தனை துகள்’ என்று சமாதானம் சொல்லும் கணக்கு மாதிரிகள் எல்லாம் இந்த இடத்தில்தான் கவிழும்.

இரண்டாவது கணக்குக்கு வருவோம். துகள் கூட்டத்துக்கும் ஒருவழிப் பாதை, இருவழிப் பாதை, நால்வழிச் சாலை உண்டு, தெரியுமா? கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீத் எல்கோபாஷி 1990-களில் போட்டுத் தந்த வரைபடம் இது. மொத்தக் கன அளவில் துகள்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழ் என்றால் ஒருவழி. காற்று துகளைத் தள்ளும், துகளால் காற்றுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல், ஆயிரத்தில் ஒரு பங்கு வரை இருவழி. துகளும் காற்றைத் திருப்பித் தள்ளும். அதையும் தாண்டினால் நால்வழி. துகளும் துகளும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், ஒன்று கிளப்பிய அலையில் இன்னொன்று ஆடும்.

இதில் கண்ணை ஏமாற்றுவது என்ன தெரியுமா? ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ‘அட, ஒன்றுமே இல்லையே’ என்று தோன்றும். ஆனால் அப்போது அடுத்தடுத்த துகள்களுக்கு இடையே சராசரி தூரம் எட்டே விட்டங்கள்தான். ஏறக்குறைய நெரிசல்! பத்து லட்சத்தில் ஒன்று என்றால்கூட எண்பது விட்டங்கள். பங்கு ஆயிரம் மடங்கு குறைந்தும் தூரம் பத்து மடங்குதான் கூடியிருக்கிறது!

இன்னொரு பொறி எடையில் இருக்கிறது. இதில் தடுக்கி விழாத ஆரம்பக்காரர் இல்லை. ஒரு கன மீட்டர் இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மணல் என்றால் சுமார் 2.65 கிலோ. அந்த இடத்தில் தண்ணீர் இருந்தால் அதன் எடை ஆயிரம் கிலோ, மணல் வெறும் கொசுறு. அதே இடத்தில் காற்று இருந்தால்? காற்றின் எடை 1.2 கிலோதான்! சவாரி செய்பவன் குதிரையைப்போல இரண்டு மடங்கு கனம்! கன அளவு இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் குழாய்க்குள் தண்ணீர் தள்ளும் மணலும் காற்று தள்ளும் மணலும் வேறு வேறு உலகங்கள். ஆகவே கன அளவுப் பங்கை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பவர், பெண் வீட்டு முகவரியை மட்டும் பார்த்துக் கல்யாணம் முடிவு செய்பவர் மாதிரி.

ஒருவழிக் கணக்கு ஒன்று ஒரு கண்டத்தின் வானத்தையே மூட உதவியது என்றால் நம்புவீர்களா? 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லாயோகுட்ல் எரிமலை சீறியது. (ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டுத் தொடருங்கள்!) ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விமானங்கள் நாள்கணக்கில் நின்றன. பயம் வீண்பயம் இல்லை. 1982 ஜூன் 24 இரவு, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் தெரியாமல் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஜெட்டின் நான்கு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன! மிதந்து இறங்கி, சாம்பலைவிட்டு வெளியே வந்த பிறகே அவை உயிர்பெற்றன, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது.

2010-ல் சாம்பல் எங்கே போகும் என்று கணக்கிட்டது பிரிட்டன் வானிலைத் துறையின் ‘நேம்’ என்ற மாதிரி. அது எதற்காகப் பிறந்தது தெரியுமா? 1986 செர்னோபில் விபத்துக்குப் பின், அணுக் கதிர்வீச்சுத் துகள்கள் காற்றில் எங்கே போகும் என்று பார்ப்பதற்காக! ஏராளமான கற்பனைத் துகள்களை வானத்தில் அவிழ்த்துவிட்டு, வானிலைக் கணிப்பு சொல்லும் காற்றில் ஒவ்வொன்றையும் மிதக்கவிடுவதுதான் அதன் வேலை. துகள் காற்றைத் திருப்பித் தள்ளுமா என்று அது கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அன்று விமானங்களுக்கு வகுத்த வரம்பு ஒரு கன மீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் சாம்பல். கணக்குப் போட்டுப் பாருங்கள், கன அளவில் நூறு கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது! ஒருவழிப் பாதையின் எல்லைக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் கீழே!

ஆனால் அதே எரிமலையின் வாய்க்குப் போங்கள். அங்கே சாம்பலும் வாயுவும் சேர்ந்து வெடித்து எழும் தூணில் துகள்தான் எடையைத் தருகிறது, துகள்தான் சூட்டைத் தருகிறது. ஒருவழிக் கணக்கு அங்கே செல்லாது. எரிமலைச் சரிவில் உருண்டோடும் நெருப்புச் சாம்பல் வெள்ளத்திலோ துகள்கள் தோளோடு தோள் உரசுகின்றன. ஒரே மலை, மூன்று கணக்கு!

கடலுக்கடியில் இதைவிட வேடிக்கை. 1929 நவம்பர் 18, நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் நிலநடுக்கம். அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிகளில் சில உடனே அறுந்தன, அது சரி. ஆனால் மேலும் மேலும் ஆழத்தில் கிடந்த கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசைப்படி, பல மணி நேரம் கழித்து அறுந்துகொண்டே போயின! ஏதோ ஒன்று கடல் தரையில் ஓடியிருக்கிறது! என்ன அது? 1952-ல்தான் ப்ரூஸ் ஹீசனும் மாரிஸ் யூயிங்கும் விடை எழுதினார்கள்: நிலநடுக்கம் கிளப்பிய சேற்று வெள்ளம். கம்பி அறுந்த நேரங்களை வைத்தே அதன் வேகத்தையும் கணக்கிட்டார்கள், நெடுஞ்சாலைக் கார் வேகம்! இந்த வெள்ளத்தை ஓட்டுவதே சேற்றின் கனம்தான். சேறு கலந்த நீர் சுற்றியுள்ள நீரைவிடக் கனமாக இருப்பதால் சரிவில் பாய்கிறது. இதை ஒருவழி மாதிரியில் போட்டால் வெள்ளமே கிளம்பாது. விடை: பூஜ்யம்!

எண்ணும் முறைகளுக்கு வருவோம். ரயில் நிலையக் கூட்டத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். வாசலில் நின்று நிமிடத்துக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்ப்பது ஆய்லர் முறை. ஒரு பயணியின் பின்னாலேயே நடப்பது லக்ராஞ்ச் முறை. லக்ராஞ்சின் பெயர் தாங்கிய முறையை அவருக்கு முன்பே எழுதியவர் யார் தெரியுமா? சாட்சாத் ஆய்லர்தான்!

துகள் கூட்டத்தையே ஒரு திரவம் என்று வைத்துக்கொண்டால் என்ன? காற்று ஒரு பாய்மம், மணல் இன்னொரு பாய்மம், இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில்! இதுதான் இருபாய்ம மாதிரி. கேட்பதற்குப் பித்தலாட்டம்போல இருக்கும். ஆனால் அடியிலிருந்து காற்று ஊதிய மணல் உண்மையிலேயே தண்ணீர் மாதிரி நடந்துகொள்கிறது! லேசான பந்து மிதக்கும், இரும்புக் குண்டு மூழ்கும், தொட்டியைச் சாய்த்தால் மட்டம் சமமாகும், பக்கத்தில் ஓட்டை போட்டால் பீச்சி அடிக்கும். 1920-களில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்லர் இதைக் கொண்டு நிலக்கரியை வாயுவாக்கினார். 1942-ல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் இதே தத்துவத்தில் கனமான எண்ணெயைப் பிளந்து பெட்ரோலாக்கும் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தில் 250 மெகாவாட் அலகுகள் இரண்டும் இப்படித் துகளைச் சுழலவிட்டு எரிக்கும் கொதிகலன்கள்தான்.

இந்த மாதிரியில் மணலுக்கு ‘வெப்பநிலை’ உண்டு, தெரியுமா? சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாயு மூலக்கூறுகளின் தறிகெட்ட ஓட்டம்தானே வெப்பநிலை? அதுபோல மணிகளின் தறிகெட்ட துள்ளலுக்கு ஒரு வெப்பநிலை. டிகிரியில் அல்ல, வேகத்தின் வர்க்கத்தில் அளக்கப்படுவது!

இந்த மாதிரி எங்கே சறுக்கும்? எதிரெதிரே இரண்டு தூசித் தாரைகளை ஊதுங்கள், இரண்டும் மெல்லியவை. நிஜத்தில் ஒன்றையொன்று ஊடுருவிக்கொண்டு போய்விடும், மோத ஆளே இல்லை. இருபாய்ம மாதிரியிலோ ஓர் இடத்தில் மணலுக்கு ஒரே ஒரு வேகம்தான் இருக்க முடியும். ஆகவே இரண்டும் நடுவில் முட்டி ஒன்றாகிவிடும்! அடர்த்தியான கூட்டத்துக்கு அரசன், மெல்லிய கூட்டத்தில் கோமாளி. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்: கொதிகலன் அளவு பெரிதா, துகள் நெரிசலா, இருபாய்மம். தாரைகள் குறுக்கே பாய்கின்றனவா, பக்கமே போகாதீர்கள்.

மணியை மணியாகவே எண்ணுகிறேன் என்பவர்களுக்கு 1979-ல் பீட்டர் கண்டாலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் வழி காட்டினார்கள். அதில் ஒரு குறும்பு! மோதும்போது இரண்டு மணிகளை ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் நுழையவிடுவார்கள். நுழைந்த அளவுக்கு ஒரு ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். இந்த மணிக் கணக்கோடு காற்றுக் கணக்கையும் கோத்து, அடியிலிருந்து காற்று ஊதப்படும் துகள் படுக்கையை 1993-ல் ஓட்டிக் காட்டியது ஜப்பானின் யுதாகா ட்ஸுஜி குழு.

இதில் பொறியாளர்கள் தினமும் செய்கிற ‘பொய்’ என்ன தெரியுமா? கண்ணாடி மணியை ரப்பர் மணியாக்கிவிடுவார்கள்! விறைப்பை ஆயிரம் மடங்கு குறைத்துக்கொள்வார்கள். மோதல் நீளமாகும், கணக்கெடுக்கும் இடைவெளியைக் கூட்டலாம், வேலை சீக்கிரம் முடியும். ஆச்சரியம், படுக்கை குமிழியிடுவதில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. ஆனால் மணிக்கு மணி சூடு கடத்துவதோ ஒட்டிக்கொள்வதோ முக்கியம் என்றால் ரப்பர் காலை வாரிவிடும்.

இன்னொன்று, மெஷ் விஷயம். காற்றுக் கணக்குக்காக இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுவதுதான் மெஷ். கட்டத்தைப் பொடியாக்கினால் விடை துல்லியமாகும் என்பது பாலபாடம். இங்கே தலைகீழ்! துகளைப் புள்ளியாகப் பாவிக்கும் கணக்கில் கட்டம் துகளைவிடச் சில மடங்கு பெரிதாக இருக்க வேண்டும், பொடியாக்கினால் கணக்கு கெடும். அல்லது ஒரேயடியாக மறுகரைக்குப் போய், துகளின் குறுக்கே பத்துப் பதினைந்து கட்டங்கள் வைத்து, அதன் தோலை உரசும் ஓட்டத்தையே தீர்க்க வேண்டும். அப்படியானால் ஒரு துகளுக்கே ஆயிரக்கணக்கான கட்டங்கள்! நடுவில் நிற்பவருக்குக் கதி இல்லை.

கோடிக்கணக்கில் துகள் என்றால் ‘பொட்டலம்’ கட்டலாம். ஒரு பொட்டலம் பல்லாயிரம் துகள்களுக்குப் பிரதிநிதி, ஒரு எம்.எல்.ஏ. லட்சக்கணக்கான வாக்காளர்களுக்கு இருப்பதுபோல! லாஸ் அலமோஸில் 1950-களில் ஃபிரான்சிஸ் ஹார்லோ தொடங்கிவைத்த எண்ணத்தின் வாரிசு இது. பொட்டலங்கள் ஒன்றையொன்று நேரடியாக இடிப்பதில்லை. நெரிசல் கூடினால் அழுத்தம் கூடி விலக்கிவிடும். பிரதிநிதிகளின் குணமும் அதுதானே!

நம் அடுப்படியிலும் ஒரு வரைபடம் ஒளிந்திருக்கிறது. 1973-ல் டெரக் கெல்டார்ட், காற்று ஊதினால் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்துப் பொடிகளை ஏ, பி, சி, டி என்று பிரித்தார். மைதா ‘சி’ வகை, ஒட்டிக்கொண்டு ஊதினாலும் எழும்பாத பிடிவாதக்காரன். மணல் ‘பி’. காபிக்கொட்டை ‘டி’. பெட்ரோல் ஆலைக் கிரியாஊக்கிப் பொடி ‘ஏ’, பாலைப்போலப் பொங்கும். ஏ வகைக்குப் பெரிய கட்டம் போட்டு இருபாய்ம மாதிரியை ஓட்டினால், துகள்கள் கொத்துச் சேருவது கட்டத்துக்குள் மறைந்துபோய், காற்றின் இழுவை நிஜத்தைவிட அதிகமாக வரும். கம்ப்யூட்டரில் படுக்கை வானத்துக்குப் பறக்கும்!

நீர்க்குமிழிக்கு ஞாபகசக்தி உண்டு, தெரியுமா? நீரில் வேகம் மாற்றும் எந்தத் துகளும், தான் முன்பு கிளப்பிய கலக்கத்தின் பாதிப்பைச் சுமக்கிறது. 1885-ல் பூஸினெஸ்க், 1888-ல் பாஸெட் எழுதிய விசை அது. போதாததற்கு, எடையே இல்லாத குமிழி கிளம்பும்போது தன் கன அளவில் பாதி நீரையும் இழுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்! காற்றிலுள்ள மணலுக்கு இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம். நீரிலுள்ள குமிழிக்கு அடித்தால் போச்சு.

ஐன்ஸ்டைனே இந்தத் துறையில் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறார்! துகள் கலந்தால் திரவம் எவ்வளவு கெட்டியாகும் என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வில் ஒரு பகுதி. துகளின் கன அளவுப் பங்கு எவ்வளவோ அவ்வளவு கெட்டியாகும் என்று எழுதினார். பாரிஸில் ஜாக் பான்ஸ்லன் அளந்து பார்த்தால் ஒத்துவரவில்லை. ஐன்ஸ்டைனின் மாணவர் லுட்விக் ஹோப்ஃப் பிழையைக் கண்டுபிடிக்க, 1911-ல் திருத்தம் வந்தது: இரண்டரை மடங்கு! நெரிசல் இல்லாத கலவைக்கு இன்றும் அந்த இரண்டரைதான்.

நம் உடம்பு முழுக்க ஓடுவதும் துகள் கலந்த பாய்மம்தான். ரத்தத்தில் கிட்டத்தட்ட நாற்பத்தைந்து சதவீதம் அணுக்கள்! மெல்லிய குழாயில் போகும்போது ரத்தம் இளகிவிடும் என்று 1931-ல் ஃபாரேயஸும் லிண்ட்க்விஸ்டும் காட்டினார்கள். அணுக்கள் நடுவே ஒதுங்கி, சுவரோரம் வெறும் பிளாஸ்மாவை மசகாக விட்டுவிடுகின்றன. 1961-ல் செக்ரேயும் சில்பர்பெர்கும் குழாயில் சின்ன உருண்டைகளை மெல்ல ஓடவிட்டார்கள். அவை நடுவிலும் நிற்கவில்லை, ஓரத்திலும் நிற்கவில்லை, ஆரத்தில் பத்தில் ஆறு பங்கு தூரத்தில் வளையமாக நின்றன! வெறும் இழுவையை மட்டும் வைத்த புள்ளித் துகள் மாதிரிக்கு அந்த வளையம் கண்ணிலேயே படாது.

கடைசியாக, மணற்கடிகை. மேல் குடுவையில் மணல் குறையக் குறைய ஓட்டம் மெதுவாகும் என்று நினைக்கிறீர்களா? தண்ணீருக்குத்தான் அப்படி. மணல் கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே சீராக விழும். மேலிருக்கும் பாரத்தைச் சுவர்களே தாங்கிக்கொள்கின்றன. ‘காற்றே தேவையில்லை, மணிகளை மட்டும் எண்ணினால் போதும்’ என்று எல்லோருமே முடிவு செய்வார்கள், நானும்தான். ஆனால் 1993-ல் ஓர் இயற்பியல் குழு எழுதிய கட்டுரையின் தலைப்பே, மணற்கடிகைகள் ஏன் டிக்-டிக் என்கின்றன என்பது! மணல் கீழே இறங்கினால் அங்கிருக்கும் காற்று மேலே ஏறியாக வேண்டும். பொடி மணலாக இருந்தால் அதே கழுத்து வழியாகக் காற்று எளிதில் ஏற முடியாது. கீழே அழுத்தம் கூடுகிறது, மணல் நிற்கிறது. காற்று மெல்லக் கசிந்து ஏறுகிறது, மணல் மறுபடி விழுகிறது. விழுந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி விழுந்து!